வால்வு சூடாகட்டும்: கிடார் ஆம்ப் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பழைய மைக் செட்டில் இருந்த வால்வுகளை, அதாவது டிரான்ஸிஸ்டருக்கு முன்னால் சத்தத்தைப் பெருக்கிய, சூடாகி எரியும் கண்ணாடிக் குழாய்களைப் பற்றி எழுதும்போது, 'இதே ஈஎல் 34 இன்றைக்கும் கிடார் வாசிக்கிறவர்களின் ஆம்பில் எரிந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வரி போட்டிருந்தேன் (ஆம்ப் என்றால் கிடாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், ஈஎல் 34 ஒரு வால்வின் பெயர்). அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. என்னைப் பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: காரைக்குடி செக்காலைப் பக்கம் முப்பத்தைந்து வருடம் ரேடியோவும் மைக் செட்டும் பழுது பார்த்தவன். கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கம்பி உள்ளே எங்கே போய் முடிகிறது என்பது தெரியும். இளவட்டங்கள் 'டியூப்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் வால்வு என்றே சொல்லிப் பழகியவன், அப்படியே விடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா, தான் வாசித்த 40 வாட் வால்வு ஆம்பை எனக்குக் கொடுத்துவிட்டார். பின்னால் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா ஐயா?
*– கல்லூரி மாணவர், தேவகோட்டை*

போதாது தம்பி. பிளக்கை மாற்றிச் செருகினால் நம் வீட்டு 230 வோல்ட் அப்படியே உள்ளே போகும். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் இழைக்கு 6.3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட். உள்ளே 400, 450 வோல்ட் இருக்க வேண்டிய லைனில் அதைப்போல இரண்டு மடங்கு. நல்ல நேரமாக இருந்தால் ஃபியூஸோடு போகும். இல்லாவிட்டால் சித்தப்பாவுக்கு நீங்கள் எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் பின் தட்டியைப் பாருங்கள். 'எக்ஸ்போர்ட்' வகை டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டாக இருந்தால் உள்ளே 230-க்கும் ஒரு டேப் (வயர் இணைக்கிற தனி முனை) இருக்கும். தெரிந்த மெக்கானிக் வயரை மாற்றிக் கொடுத்துவிடுவார். அப்படி மாற்றினால் ஃபியூஸையும் மாற்ற வேண்டும், இதை நிறையப் பேர் மறக்கிறார்கள். வோல்ட் இரண்டு மடங்கு ஆனால் அதே வாட்டுக்குக் கரன்ட் பாதிதான். 120-ல் 4 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் இங்கே 2 ஆம்பியர். அதுவும் 'டி' எழுத்துப் போட்ட, மெதுவாக உருகும் வகை.

அந்த டேப் இல்லையென்றால் 230-ஐ 120 ஆக இறக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். முடி உலர்த்துவதற்கென்று விற்கிற, சோப்பு டப்பா கனமுள்ள கன்வெர்ட்டர் இதற்கு ஆகாது. ஆம்பின் பின்னால் 180 வாட் என்று போட்டிருந்தால் 300 விஏ-வுக்கு (வோல்ட் ஆம்பியர்) குறையாமல் எடுங்கள். வாங்கும்போது எர்த் பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேராகத் தொடர்கிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும். இன்னொன்று, அங்கே 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. '50/60' என்று போட்டிருந்தால் கவலையில்லை. 60 மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். அரை மணி வாசித்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

மகன் கிடாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பாடப் போனால் உதட்டில் சுரீர் என்கிறது. வால்வு ஆம்ப் என்றால் அப்படித்தான் என்று நண்பன் சொன்னானாம். வீடு என் மாமனாரின் அப்பா கட்டியது. பயமாக இருக்கிறது.
*– ஒரு தாய், கானாடுகாத்தான்*

ஆச்சி, இந்த இதழ் கையில் கிடைத்த நிமிடத்திலிருந்து அந்தக் கிடாரையும் மைக்கையும் சேர்த்துத் தொட விடாதீர்கள். வால்வு ஆம்ப் என்றாலும் சரி, எந்த ஆம்ப் என்றாலும் சரி, உதட்டில் சுரீர் என்றால் எர்த் சரியில்லை என்றுதான் அர்த்தம். அந்த நண்பனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நடப்பது இதுதான். கிடாரின் கம்பிகள் அடியில் ஒரு வயர் மூலம் ஆம்பின் தகரச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. மைக்கின் வலைத் தலை அந்த மைக் செட்டின் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. இரண்டு சட்டமும் ஒரே எர்த்தில் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. ஒன்றுக்கு எர்த் இருந்து மற்றதற்கு இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே வோல்ட் நிற்கும். விரல் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம், நடுவில் நெஞ்சு. 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்சீ நகரத்து மேடையில் லெஸ்லி ஹார்வி என்கிற கிடார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். 1976-ல் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத கிடார் செட்டில் ஷாக் அடித்துப் போனார். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. மகனுக்குப் படித்துக் காட்டுங்கள், அவனுக்கு இந்தப் பேர்கள் தெரிந்திருக்கும்.

இனி உங்கள் வீடு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் நான் வயர் பார்த்திருக்கிறேன். தேக்குத் தூணில் கட்டைப் பட்டி அடித்து ஓட்டிய பழைய வயரிங், இரண்டு கம்பிதான் இருக்கும். பிறகு யாரோ ஒருவர் மூன்று ஓட்டை உள்ள பாயின்டை மாட்டியிருப்பார், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. பார்ப்பதற்கு எர்த் இருக்கிற மாதிரியே இருக்கும். அதைவிட மோசம், எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் பாயின்டுக்குள்ளேயே ஒரு துண்டு வயரால் இணைத்து வைப்பது. கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் என்றைக்காவது அறுந்தால், உங்கள் மகனின் கிடார் கம்பிக்கு நேராக 230 வோல்ட் வந்துவிடும். இதை நான் ஒரு வீட்டில் பார்த்து, அங்கேயே ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு மெயினை நிறுத்தியிருக்கிறேன்.

லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று வேலை சொல்லுங்கள். அந்த அறைப் பாயின்டுக்குத் தனியாக எர்த் வயர் இழுக்கட்டும். எர்த் குழியைப் பார்க்கட்டும். நம்முடையது செம்மண், சித்திரை வைகாசியில் காய்ந்து பாளம் பாளமாக நிற்கும். கரியும் உப்பும் போட்ட குழியாக இருந்தாலும் காய்ந்துபோனால் எர்த் இல்லாததற்குச் சமம். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி என் கடைக்கு எதிர்வீட்டில் செம்பருத்தியையே அந்தக் குழிக்குப் பக்கத்தில் நட்டுவைத்தார்கள். மூன்றாவது, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று, கரன்ட் கசிந்தால் தானாக லைனை அறுக்கும் சுவிட்ச் அது. அப்புறம் ஆம்பும் மைக் செட்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருக்கட்டும். 'ஊம்ம்' என்று இரைச்சல் வருகிறதென்று எர்த் பின்னை உடைத்துவிட்டு வாசிக்கிற பழக்கம் பையன்களிடம் இருக்கிறது, அதைக் கண்டால் திட்டுங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடையில் ஒரு வால்வு ரேடியோ வாங்கினேன். பாடுகிறது. பின்னால் கிராமபோன் மாட்ட ஒரு ஓட்டை இருக்கிறது. அதில் கிடாரை மாட்டலாமா அண்ணே?
*– புதுவயல்*

கேள்வியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இன்னும் மாட்டவில்லை என்று நம்புகிறேன்.

பின் தட்டியைக் கழற்றாமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து ஓட்டை வழியாக வால்வின் மேல் அச்சடித்த எழுத்தைப் படியுங்கள். ஐரோப்பிய வால்வுகளுக்கு முதல் எழுத்துத்தான் ஜாதகம். 'ஈ' என்று தொடங்கினால், அதாவது ஈசிஎச் 81, ஈஎல் 84 மாதிரி, ஹீட்டர் 6.3 வோல்ட். அநேகமாக உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 'யு' என்று தொடங்கினால், யுசிஎல் 82, யுஒய் 85 மாதிரி, ஹீட்டர்கள் எல்லாம் தீபாவளி சீரியல் செட் போல வரிசையாகக் கோக்கப்பட்டு நேராக மெயின்ஸில் ஓடும். அந்த செட்டில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஏசி, டிசி இரண்டிலும் பாட வேண்டும் என்று செய்தது. சேஸிஸ், அதாவது உள்ளே இருக்கும் தகரச் சட்டம், மெயின்ஸின் ஒரு கம்பியோடு சேர்ந்தே இருக்கும். பிளக்கை ஒரு பக்கம் திருப்பிச் செருகினால் அது நியூட்ரல், மறுபக்கம் திருப்பினால் ஃபேஸ், ஷாக் அடிக்கிற கம்பி. அதனால்தான் மரப்பெட்டி, பேக்கலைட் குமிழ், அட்டைத் தட்டி என்று கை எங்குமே இரும்பில் படாதபடி அந்த ரேடியோவைச் செய்தார்கள். அதில் கிடாரை மாட்டினால் அந்தப் பாதுகாப்பையெல்லாம் தாண்டி நீங்களே ஆறு கம்பியை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறீர்கள்.

'ஈ' வால்வாகவே இருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் உண்மையிலேயே மெயின்ஸோடு ஒட்டாத தனிச் சுற்றுள்ளதா என்று மெக்கானிக் பார்க்காமல் மாட்டக் கூடாது. என் யோசனை, அதில் பாட்டு கேளுங்கள். கிடாருக்கு வேண்டுமென்றால் பழைய வால்வு மைக் செட் எங்காவது கிடைக்கும், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், இரண்டு ஈஎல் 34 இருந்தால் அதிர்ஷ்டம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அச்சுப் போட்ட வால்வுகள் உள்ளே அப்படியே உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், பார்க்க ஆசை.

கிடைத்ததும் நேராக பிளக்கில் செருகிவிடாதீர்கள். இருபது வருடம் பரணில் கிடந்த செட்டில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கன்டென்சர் காய்ந்துபோயிருக்கும். நாங்கள் சீரிஸ் பல்ப் என்போம். மெயின்ஸுக்கும் செட்டுக்கும் நடுவில் ஒரு 100 வாட் குண்டு பல்பு வரிசையில் இருக்கும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி, சிவப்பாக நின்றால் செட் நல்ல செட். முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே நிறுத்திவிடலாம், பல்பு எரிந்ததோடு போச்சு, டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. என் கடையில் அந்தப் பல்பு தொங்கிய இடத்தில் சுவரே பழுத்துப்போயிருக்கும்.

ஆம்பில் பவர், ஸ்டாண்ட்பை என்று இரண்டு சுவிட்ச் இருக்கிறது. எதை முதலில் போடுவது?
*– பள்ளத்தூர்*

இரண்டுக்கும் முன்னால் ஸ்பீக்கர்.

தொண்ணூறுகளில் ஒரு பங்குனி உத்திரம். குன்றக்குடிக்குக் காவடி போகிற வழியில் தண்ணீர்ப் பந்தல், அங்கே என் செட். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று குழாய் ஸ்பீக்கருக்குப் போன வயரை இழுத்துக்கொண்டே போய்விட்டது. வெளியே பாட்டு நின்றுவிட்டது. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து அதே பாட்டு கீச்சுக் குரலில் கேட்கிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பாடுகிறது! நான் மோர் டம்ளரை வைத்துவிட்டு ஓடிப்போய் வால்யூமைக் குறைப்பதற்குள் வால்வு பேஸில் நீலமாக ஒரு பொறி, 'பட்' என்று ஒரு சத்தம், அப்புறம் வார்னிஷ் கருகும் வாடை. டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துச் சுற்ற மதுரைக்கு அனுப்பினேன்.

டிரான்ஸிஸ்டர் ஆம்பில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அது சும்மா இருக்கும். வால்வு அப்படியில்லை. லோடு (ஸ்பீக்கர்) இல்லாத சுற்றில் வோல்ட் ஆயிரத்தைத் தாண்டி எகிறி இன்சுலேஷனைத் துளைத்துவிடும். அதனால் ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஒரு நொடி கூட வாசிக்காதீர்கள். 8 ஓம் பெட்டியை 8 ஓம் ஓட்டையில் மாட்டுங்கள். 8 ஓம் பெட்டி இரண்டைப் பேரலலாக மாட்டினால் 4 ஓம், சீரிஸில் 16. ஸ்பீக்கருக்குக் கிடார் கேபிளை மாட்டாதீர்கள், பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே தலைமுடி கனத்துக்குத்தான் கம்பி. தடியான இரட்டை வயரில் செய்த ஸ்பீக்கர் கேபிளே வேண்டும்.

சரி, சுவிட்ச். வால்யூம் குறைந்திருக்கட்டும். பவரைப் போடுங்கள், ஹீட்டர் செக்கச் செவேல் என்று ஆக ஒரு நிமிடம், அப்புறம் உள்ளே உயர் வோல்டை இணைக்கிற ஸ்டாண்ட்பை. காப்பி குடிக்க எழுந்துபோகிற பத்து நிமிடத்துக்கு ஸ்டாண்ட்பையில் விடலாம். ராத்திரி முழுக்க விட்டால் வால்வின் கேதோடு (சூடானதும் எலெக்ட்ரானை விடுகிற பாகம்) கெடும். சின்ன ஆம்புகளில் ஸ்டாண்ட்பையே இருக்காது, அது குறையும் இல்லை.

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுக்குள் நீல வெளிச்சம் தெரிகிறது. கெட்டுவிட்டதா?
*– கோட்டையூர்*

கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டினாற்போல் நீலம் தெரிந்தால் அழகு, பார்த்து ரசியுங்கள். நடுவில் ஊதாப் புகைபோல் நிறைந்திருந்தால் காற்று ஏறிவிட்டது. உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தாலும் அதே கதை. தகடு சிவந்து பழுத்தால் மட்டும் ரசிக்க வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

வால்வை நானே மாற்றலாமா? பயாஸ் வைக்க வேண்டும் என்கிறார்கள்.
*– பொன்னமராவதி*

முன்பக்கச் சின்ன வால்வு, 12ஏஎக்ஸ்7 அல்லது ஈசிசி 83, இரண்டும் ஒன்றேதான். செட்டை நிறுத்தி, ஆறவிட்டு, துணியால் பிடித்து ஆட்டி ஆட்டி எடுத்துப் புதியதைச் செருகலாம். எது கெட்டது என்று தெரியாவிட்டால் செட் ஓடும்போது பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டுங்கள். மணி அடித்தாற்போல் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்கிறதுதான் ஆசாமி.

பவர் வால்வு வேறு. பயாஸ் என்பது வாசிக்காதபோது அதில் ஓடும் கரன்டை அளவாக வைப்பது. அந்தக் கரன்ட் தானாகவே சரியாகிக்கொள்ளும் கேதோடு பயாஸ் செட்டில், ஈஎல் 84 போட்ட சின்ன ஆம்புகள் பெரும்பாலும் அப்படி, மாற்றிச் செருகினால் போதும். ஃபிக்ஸட் பயாஸ் செட்டில் ஜோடி பார்த்து வாங்க வேண்டும், பிறகு கரன்ட் வைக்க வேண்டும். கணக்கு எளிது. ஈஎல் 34-ன் பிளேட் (உள்ளே இருக்கும் தகடு) தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5. பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், வகுத்தால் கிட்டத்தட்ட 39 மில்லி ஆம்பியர். அதைத் தாண்டாமல் வைப்பது வழக்கம். கணக்கு எளிதாக இருந்தாலும் அளக்கிற இடத்தில் 450 வோல்ட் இருக்கிறது, ஆகவே மெக்கானிக்கிடம் போங்கள்.

15 வாட் ஆம்ப் வாங்கினேன். பட்டாலையில் வைத்து வாசித்தால் அப்பத்தா கதவைச் சாத்திக்கொள்கிறார். 5 வாட் வாங்கியிருக்க வேண்டுமோ?
*– ஆத்தங்குடி*

5 வாட் வாங்கியிருந்தாலும் அப்பத்தா கதவைச் சாத்தியிருப்பார். வாட் பாதியானால் சத்தம் பாதியாவதில்லை, 3 டெசிபல்தான் இறங்கும். காதுக்குப் பாதிச் சத்தம் என்று தோன்ற வாட் பத்தில் ஒன்றாக வேண்டும்.

உங்களுக்குப் பிரச்சினை வாட் இல்லை, வீடு. கீழே உங்கள் ஊர்ப் பூக்கல், சுவரில் முட்டைக் கரு கலந்து கண்ணாடியாய்த் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. சத்தம் எங்கே போய் உட்காரும்? கல்யாணத்துக்கு விரிக்கிற ஜமுக்காளம் இரண்டை எடுத்து ஒன்றை ஆம்புக்கு முன்னால் விரியுங்கள், மற்றதை எதிர்ச் சுவரில் தொங்கவிடுங்கள். ஆம்பை மூலையிலிருந்து இரண்டடி தள்ளி, தரையிலிருந்து தூக்கி ஒரு முக்காலியில், முகம் சற்று மேலே பார்க்கும்படி வையுங்கள். தரையில் வைத்தால் கூரிய சத்தமெல்லாம் உங்கள் முழங்காலுக்குப் போகிறது, நீங்கள் கேட்கவில்லை என்று டிரெபிளை ஏற்றுகிறீர்கள், அது நேராக அப்பத்தா அறைக்குப் போகிறது. பின்பக்கக் காற்றுத் துளையை மட்டும் துணியால் மூடிவிடாதீர்கள்.

கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் வாசிக்கலாமா?
*– கண்டனூர்*

சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் வாட் பார்த்து வாசிக்கலாம். பழைய ஸ்கொயர் வேவ் என்றால் வண்டு புகுந்தாற்போல் இரையும், டிரான்ஸ்ஃபார்மரும் சுடும். விசிறியைப் போட்டுக்கொண்டு கரன்டுக்குக் காத்திருங்கள்.

வால்யூம் திருகும்போது கரகர என்கிறது. திறந்து ஸ்ப்ரே அடிக்கலாமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயமில்லையே?
*– திருப்பத்தூர்*

பிளக்கைப் பிடுங்கிய செட்தான் என்னைத் தூக்கி எறிந்தது. தொழிலுக்கு வந்து நாலாவது வருடம். முந்தின நாள் மாலை பிடுங்கி வைத்த மைக் செட், மறுநாள் காலை வெற்றிலை போட்டுக்கொண்டே உள்ளே கைவிட்டேன். ஃபில்டர் கன்டென்சரில் ராத்திரி முழுக்க வோல்ட் அப்படியே நின்றிருக்கிறது. கை தானாகப் பறந்து பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியில் முழங்கை. அந்தத் தழும்பைக் காட்டித்தான் கடைக்கு வந்த பையன்களுக்கெல்லாம் முதல் பாடம் நடத்தினேன்.

திறந்தே ஆக வேண்டும் என்றால், நிறுத்தும்போது ஸ்டாண்ட்பையை வாசிக்கிற நிலையிலேயே விட்டு பவரை மட்டும் அணையுங்கள். சூடான வால்வு மிச்ச வோல்டைக் கொஞ்சம் குடித்துவிடும். அதை நம்பிக் கைவைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, ஆயிரம் வோல்ட் டிசி அளக்கிற மீட்டரை வைத்துப் பாருங்கள். வோல்ட் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையை முதலையாய்க் கவ்வும் கிளிப்பால் சேஸிஸில் மாட்டி, இன்சுலேஷன் பிடியுள்ள மறுமுனையைக் கன்டென்சரின் பாசிட்டிவில் பத்து நொடி வையுங்கள். மறுபடி மீட்டர். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்கிற வித்தை வேண்டாம், பொறி பறந்து கன்டென்சரும் கெடும். இடது கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். மீட்டர் இல்லையா? அப்படியானால் மூடியைத் திரும்ப மாட்டித் திருகிவிட்டு, கரகரவென்ற குமிழை வெளியிலிருந்தே இருபது தடவை முழுக்கச் சுற்றுங்கள், செட் அணைந்திருக்கும்போது. பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

சனிக்கிழமை தோறும் ஆம்பை மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுபோகிறேன். எப்படிப் பாதுகாப்பது?
*– காரைக்குடி*

வாசித்து முடித்ததும் தூக்காதீர்கள், இருபது நிமிடம் ஆறட்டும், சூடான இழை ஆட்டத்தில் அறுந்துபோகும். டிக்கியில் போடாதீர்கள். டிரைவருக்குப் பின் சீட், ஜன்னல் ஓரம், நிமிர்த்தி வைத்து ஸ்பீக்கர் முகம் உங்கள் பக்கம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்.